பெரிய வாரம், சின்ன வாரம்

மார்ச் 4

பாப்பாவுக்கு,

பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையே விரித்து வைத்துப் படிக்கிற ஆள் நீ. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அதனால் நீயாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை நமக்குள் கடிதம்தான்.

நான் என்ன உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்? என் சம்பளச் சீட்டில் முதல் வாரம் நாற்பத்தாறு மணி நேரம், இரண்டாவது வாரம் முப்பத்து நாலு, மொத்தம் எண்பது என்று இருக்கிறது. ஓவர்டைம் என்ற கட்டத்தில் முட்டை போட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "எண்பத ரெண்டால வகுத்தா நாப்பதுதான அண்ணி, கம்ப்யூட்டர் தப்புப் போடாது" என்றாய். அந்தக் கம்ப்யூட்டரை ஒரு நாள் எங்கள் சலவைக்கூடத்துக்கு அனுப்பி வை. உருளை மெஷின் முன்னால் நிற்கட்டும். அப்புறம் வகுக்கட்டும்.

நீ தலைமை அலுவலகத்தில் விசிறிக்கடியில் உட்கார்ந்து நாலு சலவைக்கூடத்து ஆட்களுக்கும் சம்பளம் போடுகிறாய். ஒன்றையாவது உள்ளே வந்து பார்த்திருக்கிறாயா? ஈரமான படுக்கைவிரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிக்க, இரண்டு மூலையை எதிரில் நிற்பவள் பிடிக்க, சூட்டு உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் காய்ந்து வருவதை நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண் மடிப்பு மேசையில் மடிப்பாள். ஆஸ்பத்திரித் துணி தினமும் வரும். லாட்ஜுகளின் கம்பளியும் திரைச்சீலையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும். அதைத்தான் நாங்கள் பெரிய வாரம், சின்ன வாரம் என்போம். பெரிய வாரத்தில் வீட்டுக்குப் போனால் உன் அண்ணன் பேசுவது காதில் விழாது, உருளை மெஷினின் நீராவிச் சத்தமே கேட்டுக்கொண்டிருக்கும். உன் அண்ணன் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்கிறார்.

நாங்கள் தண்ணீர் குடிக்கும் இடத்தில் கூலிச் சட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அதன் மேல் எவரோ ஆணி அடித்து ஈரத் துண்டு மாட்டியிருக்கிறார்கள். துண்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். வாரத்துக்கு நாற்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு வாரத்தைச் சேர்த்துப் பாதியாக்கு என்று எங்கும் இல்லை. ஒரு செருப்பு ஐந்து சைஸ், இன்னொன்று ஒன்பது சைஸ், சராசரி ஏழு, உன் காலும் ஏழு, போட்டுக்கொண்டு நட என்கிறது உன் கம்ப்யூட்டர்.

பதில் எழுது.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு இனிமேல் அனுப்ப வேண்டாம். எங்கள் தபாலை வரவேற்பில் இருப்பவர் பிரிப்பார். விடுதி முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

போனை நான் வேண்டுமென்று வைக்கவில்லை. மேலாளர் வந்துவிட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அதனால் கணக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. எண்பது மணியைத் தாண்டினால்தான் ஓவர்டைம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இந்த முறை இருக்கிறது. நான் உண்டாக்கியதில்லை, மாற்றவும் என்னால் முடியாது. நாலு சலவைக்கூடத்திலும் இதுவரை ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

உங்களை அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவள் நான். என் அண்ணி என்று சொல்லித்தான் சேர்த்தேன். நீங்கள் அங்கே துண்டைத் தூக்கித் தூக்கிச் சட்டம் படித்தால் இங்கே என்னைத்தான் கேட்பார்கள். அண்ணனிடம் இதைச் சொன்னீர்களா? சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. இந்த மாதத்திலிருந்து என்னை உதவி மேலாளராகப் போட்டிருக்கிறார்கள். இனி மணிக்கூலி இல்லை, மாதச் சம்பளம். கதவில் பெயர்ப் பலகை வரப்போகிறது. அண்ணனிடம் சொல்லுங்கள்.

செருப்பு உதாரணத்தைப் படித்துச் சிரித்தேன். அதற்காக நீங்கள் சொல்வது சரி என்று அர்த்தமில்லை.

பாப்பா


மார்ச் 16

உதவி மேலாளர் அம்மாவுக்கு,

வாழ்த்துகள். உன் அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சரி, உனக்குக் கீழே எத்தனை பேர்? மேசை விசிறியைத் தவிர்த்துச் சொல். எத்தனை மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புகிறாய்? சனிக்கிழமை போகிறாயா? முன்பு சனிக்கிழமைக்குத் தனியாகக் காசு வந்ததே, இப்போது வருகிறதா? பலகையைக் கதவில் மாட்டியவர்கள் உன் காதில் பூவையும் மாட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள். நன்றாகக் கோபித்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "மாற்றவும் என்னால் முடியாது" என்று எவ்வளவு அழகாகக் கை கழுவியிருக்கிறாய். விடிந்ததும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் கூலி போயிற்று. மூன்று மாடி, லிப்ட் கிடையாது, வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் தன் மொத்த வாழ்க்கையையும் சொல்லி முடிக்கும்வரை நின்றேன். மேசையில் இருந்த அம்மா நல்ல மாதிரி. என் சம்பளச் சீட்டைப் பார்த்தவுடனே உச்சுக்கொட்டினார்.

"வாரம் வேற, சம்பள நாள் வேற. மாசத்துக்கு ஒருக்கா சம்பளம் குடுத்தாலும் ஓவர்டைம் அந்தந்த வாரத்துக்குத்தான் பாக்கணும். இந்த வாரத்து அதிகத்த அடுத்த வாரத்துக் குறைச்சலோட கழிக்கக் கூடாது. நாப்பதுக்கு மேல நீங்க நின்ன ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரைப் பங்கு."

அது மட்டுமில்லை. மணிக்கூலி என்றால் வெறும் அடிப்படைக் கூலி இல்லையாம். லீவு போடாமல் வந்தால் மாதாமாதம் வருகைப்படி தருகிறீர்களே, அதையும் மணிக்குப் பிரித்துச் சேர்த்துவிட்டுத்தான் ஒன்றரையால் பெருக்க வேண்டுமாம். உன் கம்ப்யூட்டருக்கு இது தெரியுமா?

உன்னைப் பற்றியும் கேட்டேன், பெயர் சொல்லாமல். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சட்டம் பார்க்காதாம். என்ன வேலை செய்கிறாய் என்றுதான் பார்க்குமாம்.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு. படிவத்தில், எந்தெந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று கேட்டிருந்தது. பெரிய வாரத்துக்கு ஐம்பத்து நாலு என்று எழுதினேன். உன் அண்ணனுக்குக் காய்ச்சல் வராத குறை. "எங்க வீட்டுப் பொண்ணு வேலைக்கு வேட்டு வெச்சிராத" என்று சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். நானும் உங்கள் வீட்டுப் பெண்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். டி.வி.யில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி


மார்ச் 27

அண்ணிக்கு,

எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. சட்டத்தை முழுதாக எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வாரமும் தனித்தனி. வருகைப்படியும் சேரும். இதை நான் என்றைக்கோ படித்திருக்கலாம். அதை இப்போது சொல்லிப் பயனில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "சட்டம் எனக்கும் தெரியும்மா, நீங்க நான் சொல்றத மட்டும் போடுங்க" என்றார். திருப்பிப் பேச எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் மட்டும்தான் எனக்கு வாய் வரும்.

ஆனால் அண்ணி, நீங்களே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டீர்கள். தொழிலாளர் அதிகாரி உங்கள் நேர அட்டைகளைக் கேட்டிருக்கிறார். நான்தான் எடுத்து அடுக்கினேன். பெரிய வாரம் ஒவ்வொன்றிலும் நாற்பத்தாறு மணிதான் பதிவாகியிருக்கிறது. ஒன்றில்கூட ஐம்பத்து நாலு இல்லை. எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது? கார்டில் இருக்கிற நாற்பத்தாறையே எழுதியிருந்தால் ஆறு மணி நேர ஓவர்டைம் மறுபேச்சில்லாமல் கைக்கு வந்திருக்கும். இப்போது மேலாளருக்குக் கொண்டாட்டம். "இந்தம்மா வாரத்துக்கு எட்டு மணி நேரம் பொய் சொல்றாங்க, புகார் பூராவும் பொய்" என்று பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதப்போவது யார் தெரியுமா? நான்.

ஆறு மாத அட்டைகளையும் பார்த்துப் பட்டியல் போட வேண்டும். இந்த வாரம் தினமும் மூன்று மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தேன். சனி, ஞாயிறும் போனேன். உங்களுக்கு எதிரான கணக்கைத் தயாரிக்க நான் ஓவர்டைம் பார்க்கிறேன். உதவி மேலாளர் என்பதால் அதற்கு ஓவர்டைம் கிடையாது. நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

அந்த எட்டு மணி நேரம் என்ன என்று எனக்கு மட்டுமாவது சொல்லுங்கள். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் என் கல்யாணப் பேச்சை இரண்டு தடவை கெடுத்திருக்க மாட்டீர்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பா,

இதைப் படித்துவிட்டு மேசை மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதே.

நெட்டையைப் பற்றி எழுதியிருக்கிறேன் இல்லையா. அவளுடைய அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி. அதை விட்டால் இருக்கிற கொஞ்சம் அசைவும் போய்விடும். சக்கர நாற்காலியைப் படியில் ஏற்றி, வரிசையில் நின்று, திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவளை விட்டால் வேறு ஆளில்லை. இங்கே லீவு போட்டால் அந்த நாள் கூலியோடு மாதத்து வருகைப்படி முழுவதும் போய்விடும். அந்தப் படியில்தான் அவள் வீட்டு வாடகை நிற்கிறது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு என் ஷிப்டுக்கு அடுத்த ஷிப்ட். அதனால் பெரிய வாரத்து அந்த வெள்ளிக்கிழமைகளில் என் ஷிப்ட் முடிந்ததும் நான் என் கார்டை நேர மெஷினில் அடித்துவிட்டு, அவள் கார்டை அடித்து, அவள் மேசையில் எட்டு மணி நேரம் நிற்பேன். சம்பளம் வந்ததும் அந்தக் காசை அவள் என் கையில் கொடுத்துவிடுவாள். இதற்குக் கை கொடுப்பது என்று பெயர். நான் மட்டுமில்லை, இங்கே எல்லோரும் எவருக்காவது கை கொடுத்திருக்கிறார்கள். உலர்த்து மெஷின்காரியின் பிரசவத்துக்கு ஆளுக்கொரு நாள் நின்றோம். பிறந்த பிள்ளை எங்கள் எல்லோருடைய கார்டிலும் பிறந்தது என்று சிரிப்போம்.

சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்று கேட்பாய். மெஷின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று கழுத்தில் விசில் மாட்டியிருப்பார், அதனால் அவர் பெயரே விசில்தான். அவருக்கு எல்லாம் தெரியும். "மேசையில ரெண்டு கை இருக்கணும், எவ கைன்னு எனக்குத் தேவையில்ல" என்பார். ஒரு தடவை நான் நெட்டையின் கார்டைத் தேடியபோது அவரே எடுத்துக் கொடுத்தார்.

எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று கேட்டிருந்தது. கார்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்கவில்லையே. நான் நின்றதை எழுதினேன். என் காலுக்கு எந்தக் கார்டில் நிற்கிறோம் என்று தெரியுமா? இது தப்பாகப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவர் கார்டை அடித்தால் வேலை போகும் என்று விதி இருப்பதே அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இப்போது அந்த எட்டு மணி நேரத்தை நிரூபிக்கப் போனால் நெட்டைக்கு வேலை போய்விடும். நிரூபிக்காவிட்டால் நான் பொய்க்காரி. தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. உருளை மெஷின்தான் பக்கத்தில் இருக்கிறது.

நெட்டைக்கு இன்னும் தெரியாது. "காசு வந்ததும் எனக்கு ஒரு குடை வாங்கிக் குடு" என்று கேலி செய்துகொண்டிருக்கிறாள்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உங்கள் விசிலுக்குப் போன் போட்டார். நான் குறிப்பெடுக்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார். எட்டு மணி நேரம் என்ன கதை என்று கேட்டார். விசில் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அது மடிப்பு மேசை சார். அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை வராது, இவங்க நிப்பாங்க. எனக்குத் தெரிஞ்சுதான் ஓடுது. ஆளில்லன்னா கம்பளி யார் சார் மடிக்கிறது?"

மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "இது உங்களுக்குத் தெரியாது. புரிஞ்சுதா? தெரியவே தெரியாது" என்றார். அந்தப் பக்கம் "சரி சார்" என்று கேட்டது. போனை வைத்துவிட்டு என்னிடம், "இத எழுதாதீங்க" என்றார். பேனா என் கையில் அப்படியே நின்றது.

சட்டத்தைத் திரும்பப் படித்தேன். வேலை எவர் கார்டில் ஓடினாலும், வேலை வாங்குகிறவர்களுக்குத் தெரிந்து ஓடினால் அது நின்றவருடைய மணி நேரம். சரியான பதிவு வைத்துக்கொள்வது முதலாளியின் பொறுப்பு, தொழிலாளியின் பொறுப்பில்லை. ஆக அந்த எட்டும் உங்களுடையது. ஆறில்லை, பதினாலு மணி நேரத்துக்கு ஓவர்டைம் வர வேண்டும். விசிலுக்குத் தெரியும் என்று மட்டும் எவராவது சொன்னால் போதும், நெட்டை மேலும் கை வைக்க முடியாது.

ஆனால் எவர் சொல்வது? விசில் வாயைத் திறக்க மாட்டார். உங்கள் கூட வேலை செய்கிறவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இல்லாவிட்டால் நாற்பத்தாறு என்று மாற்றி எழுதிக் கொடுங்கள். இருக்கிறதாவது வரட்டும். என்னைக் கேட்காதீர்கள். விடுதிக்கு மூன்று மாதம் முன்பணம் கட்டியிருக்கிறேன். இந்த வேலையை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

விசாரணை இருபத்தொன்றாம் தேதி. கணக்கோடு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பார்த்தால் பேசுவீர்களா?

பாப்பா


ஏப்ரல் 15

பாப்பா,

உன்னை நான் எதுவும் கேட்கவில்லை. "என்னைக் கேட்காதீர்கள்" என்று நீயே முந்திக்கொண்டு சொல்கிறாய். கேட்காத கேள்விக்கு இவ்வளவு வேகமாகப் பதில் வருகிறதென்றால் கேட்டது எது என்று யோசித்துப் பார்.

கூட வேலை செய்கிறவர்களிடம் பேசினேன். துணி மாற்றும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்தபடி. எல்லோரும் என் பக்கம்தான், கண்ணைத் துடைத்துக்கொள்ளாத குறை. எழுந்து வந்து சொல்வீர்களா என்று கேட்டதும் ஒருத்திக்குச் செருப்பு வார் அறுந்துபோயிற்று, ஒருத்திக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. தப்பு சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தியும் எவளோ ஒருத்தியின் கார்டில் நின்றிருக்கிறாள். வாயைத் திறந்தால் இரண்டு பேர் மாட்டுவார்கள்.

கடைசியில் நெட்டைக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. மடித்துக்கொண்டிருந்த விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வந்து சொல்றேன்க்கா, வேலை போனா போகுது" என்றாள். போனால் போகிறது என்று அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று. நான் ஒரு திட்டு திட்டினேன்.

அதனால் நானே போய், தப்பாக எழுதிவிட்டேன், நாற்பத்தாறுதான் என்று சொல்லப்போகிறேன். நின்ற எட்டு மணி நேரத்தை நிற்கவில்லை என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். காசு போவது பெரிதாகத் தெரியவில்லை, பாப்பா. இருபது வருடமாக எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். உழைத்ததை உழைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டதில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. நேற்று பீங்கான் சோற்றுப் பாத்திரத்தைப் போட்டு உடைத்தேன். உன் அண்ணன் டி.வி.யை அணைத்துவிட்டு வந்து பெருக்கி அள்ளினார்.

நீ உன் கணக்கை எடுத்துக்கொண்டு வா. வாசித்துவிட்டுப் போ. அங்கே நான் பேச மாட்டேன். நீ என் நாத்தனார் என்பது உன் மேலாளருக்குத் தெரியும், நாம் பேசுவதைப் பார்த்தால் உனக்குத்தான் தொல்லை.

அண்ணி


ஏப்ரல் 23

அண்ணி,

சொன்னபடியே நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னை அறிமுகம் செய்தபோதுகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தீர்கள். உருளை சுட்டதா, பாத்திரம் கிழித்ததா என்று கேட்கத் தோன்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் எழுந்து, "அய்யா, நான் தப்பா எழுதிட்டேங்க" என்று ஆரம்பித்ததும் மேலாளர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார். என் கல்யாணப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "பொண்ணுக்குச் சமைக்க வராதுங்க" என்று நிமிர்ந்து சொன்ன ஆள் நீங்கள். அந்தக் குரல் இப்படித் தரையைப் பார்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். கணக்குப் போடுவது நீங்களா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். விடுதியிலிருந்து கிளம்பும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். "அவங்க தப்பா எழுதல சார். கார்டுதான் தப்பு. அது தப்புன்னு எங்க ஆபீசுக்குத் தெரியும்" என்று எனக்குள்ளிருந்து எவரோ சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் கேட்டது அத்தனையும் சொன்னேன். நீங்கள் அப்போதுதான் திரும்பினீர்கள். பாராட்டுவீர்கள் என்று பார்த்தால் அடிக்க வருகிற மாதிரி முறைத்தீர்கள்.

மறுநாள் போனேன். கதவில் பலகை இல்லை, இரண்டு ஆணி மட்டும் இருந்தது. மறு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எந்த உத்தரவும் வராது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை நானும் அந்த மூன்று மாடி ஏறினேன். லிப்ட் இன்னும் இல்லை. உதவி மேலாளராக உட்கார்ந்த வாரங்களுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி. மேசை விசிறி என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, எவருமில்லை என்று எழுதினேன். மணி நேரம் கேட்ட இடத்தில் உட்கார்ந்ததையெல்லாம் எழுதினேன், உங்களுக்கு எதிராக உட்கார்ந்ததையும் சேர்த்து.

பயமாக இருக்கிறது. அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பாப்பா


மே 20

பாப்பா,

உத்தரவு வந்துவிட்டது. உனக்கும் நகல் வந்திருக்கும், ஆனாலும் நான்தான் முதலில் சொல்வேன் என்று எழுதுகிறேன். பெரிய வாரம் ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்து நாலு என்று எழுதியிருக்கிறார் அதிகாரி. பதினாலு மணி நேர ஓவர்டைம், வருகைப்படியும் சேர்த்து. கம்பெனிக்குத் தெரிந்தே நடந்ததால் நெட்டை மேல் நடவடிக்கை கூடாது என்றும் ஒரு வரி. அந்த ஐம்பத்து நாலை விரலால் தடவிப் பார்த்தேன். அன்று உன்னை முறைத்தது உண்மைதான். உனக்கு எவ்வளவு போகப்போகிறது என்று உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது, அதனால் முறைத்தேன். பாராட்டு வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்.

இனி மற்றதையும் கேள். கம்பெனி மேல்முறையீடு செய்துவிட்டது. காசு எப்போது வரும் என்று அந்த மேசைக்கார அம்மாவுக்கே தெரியவில்லை. உன் புகாருக்கு இன்னும் விசாரணைத் தேதியே போடவில்லையாம். கார்டையெல்லாம் எடுத்துவிட்டு விரல் வைக்கிற மெஷின் மாட்டிவிட்டார்கள். கார்டைக் கொடுக்கலாம், விரலைக் கழற்றிக் கொடுக்க முடியுமா? நாற்பது மணி ஆனதும் வெளியே போ என்று விசில் ஊதுகிறார். மீதி வேலைக்குப் புதிதாக இரண்டு பேரைப் பாதி நேரத்துக்கு எடுத்திருக்கிறார்கள். லீவு போட்டால் படி போகும் என்ற விதியை மட்டும் தொடவே இல்லை. அதற்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லையாம். நெட்டை போன முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "ஜெயிச்சிட்டோம்க்கா" என்கிறாள் எல்லோரிடமும். என்னைப் பார்த்தால் மட்டும் குடையைக் கேட்பதில்லை. இதற்காகவா மூன்று மாடி ஏறினேன் என்று எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தேன். மேசைக்குத்தான் இனிமேல் கை கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரி வாசலில் விரல் வைக்கிற மெஷின் ஒன்றும் இல்லையே. அவள் இடத்தில் நான் வேலைக்கு நிற்பதற்குப் பதிலாக, அவள் அப்பாவோடு நான் போனால் என்ன? என் வார விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவரிடமும் சொன்னேன். "உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று சக்கர நாற்காலியைக் காட்டிக் கேட்கிறார். திருப்பத்தில் வாயாலேயே ஹாரன் அடிக்கிறார். உன் அண்ணன் நாற்காலியின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.

ஒரே சிக்கல், மாற்றிய விடுமுறை ஜூன் மாதத்திலிருந்துதான். இந்த வெள்ளிக்கிழமை நான் உருளை முன்னால் நிற்க வேண்டும்.

நீ அங்கே விடுதியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வியாழக்கிழமையே கிளம்பி வந்துவிடு. பின் கட்டு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். வேலை கிடைக்கும்வரை இங்கேயே இரு, கிடைத்த பிறகும் இருக்கலாம். படியில் ஏற்றும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இழு, முன்பக்கம் தள்ளினால் பெரியவர் கத்துவார். சமைக்க வராவிட்டால் பரவாயில்லை.

பஸ் ஏறியதும் போன் பண்ணு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை உன் முறை.

அண்ணி